போட்ட கைதான் அழிக்க வேண்டும்

அவர் தட்டிப் பார்க்காத பொருள் அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அவருடைய சொந்த நெஞ்சு.

மற்றபடி கதவு, நாற்காலி, தண்ணீர்த் தொட்டி, கடையில் வாங்கும் தர்பூசணி எதுவும் தப்பியதில்லை. விரல் முட்டியால் ஒரு தட்டு, தலையைச் சாய்த்து ஒரு கணம் கேட்பது, பிறகுதான் தீர்ப்பு. மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, வாசலிலேயே அவன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். மாமனாரின் பாசம் இவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிட்டதே என்று அந்தப் பையன் கண்கலங்கிப் போனான். அவரோ மனைவியின் காதருகே குனிந்து, "விரிசல் இல்ல" என்றார். கல்யாணம் நடந்தது.

கார்களுக்கும் லாரிகளுக்கும் என்ஜின் பிளாக் வார்க்கும் ஆலையில் அவர் இருபத்தொன்பது வருஷமாக இன்ஸ்பெக்டர். கையில் அரைக் கிலோ சுத்தியல், காதுக்குப் பின்னால் சிவப்பு மெழுகுச் சாக். சூடான இரும்பிலும் எழுதும், தண்ணீர் பட்டாலும் போகாத சாக் அது. அதனால் ஆலையில் அவருக்குப் பெயரே 'சாக்பீஸ்'. சம்பளப் பட்டியலில் இருந்த பெயர் அவருக்கே சில சமயம் மறந்துபோகும்.

என்ஜின் பிளாக்கில் இரும்பைவிட ஓட்டைதான் முக்கியம். பிஸ்டன் ஏறி இறங்க நான்கு பெரிய துளைகள், அவற்றைச் சுற்றிக் குளிர்நீர் ஓட வளைந்து வளைந்து போகும் பாதை, எண்ணெய் போக ஊசி மாதிரி வழிகள். அந்த ஓட்டைகளின் வடிவத்தை முதலில் மணலில் செய்து, அச்சுக்குள் வைப்பார்கள். ஆயிரத்து நானூறு டிகிரியில் உருகிய இரும்பு சுற்றிலும் பாயும்போது அந்த மணல் சில நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். இரும்பு இறுகியதும் பொடிந்து உதிர்ந்துவிட வேண்டும். கொடுத்த வேலையை முடித்துவிட்டுச் சத்தமில்லாமல் ஒதுங்கிப் போகும் இந்த மணலைத்தான் அவர் அடிக்கடி மனைவிக்கு உதாரணமாகச் சொல்வார். மனைவி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆறிய பிளாக் அவர் முன்னால் வந்து நிற்கும். ஒரு தட்டு. நல்ல இரும்பு, "டங்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். வார்ப்பிரும்புக்குள் கரித்துகள் இதழ் இதழாகப் படிந்திருக்கும். அதிர்ச்சியை அதுவே விழுங்கிவிடும். உள்ளே விரிசல் இருந்தால் மட்டும் சத்தம் பிசிறும். பொய் சொல்கிறவனின் தொண்டை மாதிரி. உடனே காதிலிருந்து சாக் இறங்கும். சிவப்பில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

அந்தக் குறிக்கு ஆலையில் ஒரு சட்டம் இருந்தது. குறி விழுந்த பிளாக், அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் உலைக்குத் திரும்பிப் போக வேண்டும். குறியை அழிக்க மேனேஜருக்குக்கூட உரிமை கிடையாது. போட்ட கைதான் அழிக்க வேண்டும். இருபத்தொன்பது வருஷத்தில் அந்தக் கை ஒருமுறைகூட அழித்ததில்லை. அவர் இதைப் பெருமையாகச் சொல்லும்போது, ஒருமுறைகூடத் தவறு செய்யாதவர் என்று கேட்பவர்கள் நினைப்பார்கள். ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளாதவர் என்று மனைவிக்குத் தெரியும்.

மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. அவனை அந்த ஆலையில் சேர்த்துவிட்டதே சாக்பீஸ்தான். அத்தானும் மச்சானும் ஒரே சாப்பாட்டு அடுக்கில் சாப்பிட்டார்கள். ஒரே பைக்கில் வந்து போனார்கள். "உங்களுக்கு ஒண்ணுன்னா முதல்ல என் உசுரு போகும் அத்தான்" என்று மச்சான் சொன்னதுண்டு. "உன் உசுரு போனா யாரு வண்டி ஓட்டறது?" என்று அவர் கேட்டதுண்டு. பாசம் அப்படி.

அந்தப் பாசத்தின் நடுவே அலுமினியம் வந்து விழுந்தது.

கார் எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம். ஐம்பது கிலோ இரும்பு பிளாக் செய்கிற வேலையை அதில் பாதி எடையுள்ள அலுமினிய பிளாக் செய்யும். சூட்டையும் சீக்கிரம் வெளியே தள்ளும். லாரி என்ஜினுக்கு இரும்பு, காருக்கு அலுமினியம் என்று ஆலை முடிவு செய்தது. மணல் அச்சு இல்லை, எஃகு அச்சு. எழுநூறு டிகிரியில் உருகிய அலுமினியத்தை ஒரே அழுத்தில் உள்ளே செலுத்தினால், இரண்டு நிமிஷத்தில் பிளாக் வெளியே வந்துவிடும். ஒரே ஒரு சிக்கல். பிஸ்டன் வளையம் ஓயாமல் உரசும் இடத்தில் வெறும் அலுமினியம் தேய்ந்துபோகும். அதனால் அச்சை மூடுவதற்கு முன்பே நான்கு இரும்புக் குழாய்களை உள்ளே நிறுத்தி, அவற்றைச் சுற்றி அலுமினியத்தை வார்ப்பார்கள். பட்டறைக்காரர்கள் அந்தக் குழாயை ஸ்லீவ் என்பார்கள். அதைச் சூடாக்கி, துடைத்து, நேராக நிறுத்தும் பொறுப்பு மச்சானுக்குக் கிடைத்தது.

"ஸ்லீவா?" என்றார் சாக்பீஸ், யாரோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல. "ஓடி ஓடித் தேஞ்ச என்ஜினுக்குப் போடறதுதானே ஸ்லீவ்? புது பிளாக்குக்கு எதுக்குடா? பொறக்கும்போதே கட்டுப் போட்டுக்கிட்டுப் பொறக்கற பிள்ளை மாதிரி!"

"காலம் மாறுது அத்தான்."

"காலம் மாறட்டும். காது மாறாது."

முதல் தடவையாக நாற்பது அலுமினிய பிளாக்குகள் வரிசையில் வந்து நின்றன. அவற்றைச் சோதிக்க வேண்டிய அழுத்தக் கருவி இன்னும் பெட்டியிலேயே இருந்தது. "நீங்களே ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க சார், உங்க காதுக்கு மேல கருவியா?" என்று மேனேஜர் பணிவாகக் கேட்டுவைத்தார். உலகத்தில் பல குடும்பங்கள் இப்படிப்பட்ட பணிவினால்தான் உடைகின்றன.

அவர் தட்டினார். பிளாக் "டிங்ங்ங்" என்று இழுத்தது, அலமாரியிலிருந்து விழுந்த பாத்திரம் போல. இரண்டாவதும் இழுத்தது. மூன்றாவது இன்னும் நீளமாக. இருபத்தேழாவது வரும்போது அவர் முகம் சிவந்துவிட்டது.

"பாடுது. ஸ்லீவ் உள்ள பிடிக்கல, ஆடுது. அதான் பாடுது."

"அத்தான், ஒண்ணே ஒண்ண அறுத்துப் பார்த்துட்டுக் குறி போடுங்க. கால்ல வேணா விழறேன்."

"கால்ல விழு. ஆனா வழியை மறிக்காத."

நாற்பது பெருக்கல் குறிகள். வார்ப்பிரும்பைக் கேட்டுப் பழகிய காது, அலுமினியம் பேசும் பாஷையைக் குற்றம் என்று எழுதிக்கொண்டது. நிராகரிப்புத் தாளில் 'காரணம்' என்ற கட்டத்தில், அந்த ஆலையின் வரலாற்றில் யாரும் எழுதாத ஒரு சொல் விழுந்தது: 'பாடுகிறது.'

முப்பத்தொன்பது பிளாக்குகள் உலைக்குப் போயின. நாற்பதாவதை மச்சான் யாரிடமும் கேட்காமல் ரம்பத்தில் கொடுத்து, துளையின் குறுக்கே ஒரு துண்டை அறுத்தெடுத்தான். உள்ளே இரும்பும் அலுமினியமும் இடைவெளியே இல்லாமல் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மேனேஜர் பார்த்தார், உலையையும் பார்த்தார். நல்ல பிளாக்குகளை உருக்கிவிட்டோம் என்று மேலிடத்துக்கு எழுதும் தைரியம் அவருக்கு இல்லை. 'சோதனை வார்ப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆக, தாளின்படி யாரும் தவறு செய்யவில்லை, ஒருவனைத் தவிர. குறி விழுந்த பிளாக்கை அனுமதியில்லாமல் அறுத்தவன். மச்சானுக்கு இரண்டு வருஷம் மணல் அள்ளும் வேலை கிடைத்தது.

சாக்பீஸ் அந்தத் துண்டைப் பார்க்கவே மறுத்துவிட்டார். "எவன் வேணா ஒட்டவெச்சுக் கொண்டுவருவான்" என்றார். அதன்பிறகு அவரை அலுமினியப் பிரிவுக்கு யாரும் அழைக்கவில்லை. தன் கண்டிப்புக்குப் பயந்துதான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

துண்டைப் பார்க்க மறுத்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தின் முன் நின்றார். அவர், மனைவி, மகள், ஓரத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் மச்சான். காதிலிருந்து சாக்கை எடுத்தார். கண்ணாடியின் மேல், மச்சானின் முகத்துக்கு நேராக, ஒரு பெருக்கல் குறி.

மனைவி அழவில்லை. சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து அந்தக் கண்ணாடியை வாரம் தவறாமல் துடைத்தாள், குறியை மட்டும் விட்டுவிட்டு. ஈரத்துணி அந்தச் சிவப்பின் ஓரம்வரை போய், சுற்றி வளைந்து, திரும்பிவிடும். பதினோரு வருஷம். தம்பியைச் சனிக்கிழமைதோறும் காய்கறிக் கடையில் தற்செயலாகச் சந்தித்தாள். ஐந்நூற்றுச் சொச்சம் தற்செயல்கள். மகள் கல்யாணத்தன்று மாமன் மண்டபத்து வாசல்வரை வந்து, பரிசைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார். பரிசைப் பிரித்ததும் சாக்பீஸ் அதைத் தட்டிப் பார்த்தார். கடிகாரம். "பரவாயில்ல" என்றார், கொடுத்தவர் யாரென்று கேட்காமல்.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு காலையில், பதினேழாவது லாரி பிளாக்கைத் தட்டிய சுத்தியல் அவர் கையிலிருந்து நழுவியது. இடது தோளிலிருந்து விரல்வரை யாரோ ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல இருந்தது. அந்த பிளாக்கின் மேலேயே உட்கார்ந்தார். மயக்கத்தில் சாய்வதற்கு முன் அவர் சொன்ன கடைசி வார்த்தை, "இது பாஸ்."

ஆஸ்பத்திரியில் இதயக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். மறுநாள் காலை டாக்டரம்மா வந்து கட்டிலருகே நின்றார்.

"முக்கியமான குழாய் தொண்ணூறு சதவீதம் அடைச்சிருக்கு. நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணலாம்னா, இத்தனை வருஷம் மணல் தூசி குடிச்ச நுரையீரல் தாங்காது. அதனால குழாய்க்குள்ள சின்னதா ஒரு கம்பி வலைக் குழாய் வைப்போம். சுவர் சுருங்காம தாங்கிப் பிடிக்கும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஸ்லீவ்."

"ஸ்டென்ட்னு சொல்வோம்."

"நீங்க எதுவேணா சொல்லுங்கம்மா. தேஞ்ச துளைக்குள்ள குழாய் வெச்சா அதுக்குப் பேரு ஸ்லீவ். என்ன உலோகம்?"

"கோபால்ட், குரோமியம் கலந்தது."

"துரு?"

"பிடிக்காது."

"ஒரு பக்கம் சதை, ஒரு பக்கம் உலோகம். சூட்டுல ரெண்டும் ஒரே மாதிரி விரியாதே. நடுவுல இடைவெளி விழுந்தா?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உங்க உடம்பு முப்பத்தேழு டிகிரிதான் சார். என்ஜின் இல்ல."

"காய்ச்சல் வந்தா?"

"நாப்பது."

"போட்டப்புறம் அழுத்தச் சோதனை உண்டா?"

"உண்டு. எழுந்து நடந்து வீட்டுக்குப் போனீங்கன்னா பாஸ்." டாக்டரம்மாவின் குரல் மாறியது. "சார், விளையாட்டில்ல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வெச்சாகணும். அதுக்குமேல என்னால பொறுப்பு சொல்ல முடியாது."

"வேண்டாம்மா. மாத்திரை குடுங்க. பதினோரு வருஷமா ஸ்லீவ் வேண்டாம்னு சொன்ன வாய் இது. இப்ப நெஞ்சுல ஒண்ண வெச்சுக்கிட்டு எந்த முகத்தோட ஆலைக்குப் போவேன்?"

"வெச்சுக்கலேன்னா எந்த முகத்தோடயும் போக முடியாது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மகள் அழுதாள். மருமகன், பழைய நன்றியில், இவர் முதுகைத் தடவிக் கொடுத்தான். எதுவும் பலிக்கவில்லை. மனைவி மட்டும் எழுந்து தாழ்வாரத்துக்குப் போய், குடிநீர்க் குழாயின் பக்கத்தில் நின்று போனை எடுத்தாள்.

"தம்பி, உங்க அத்தான் சாகப் போறாருடா."

"என்னக்கா சொல்ற? எதுனால?"

"கொள்கையினால."

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு ஒரு துணிப்பையோடு மச்சான் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது, தொப்பை விழுந்திருந்தது. சாக்பீஸ் பார்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன அத்தான், உங்க பிளாக்குல அடைப்பாமே?"

சாக்பீஸ் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் உங்களைப் பார்க்க வரல. பதினோரு வருஷமா ஒரு பொருளைக் காட்டணும்னு இருக்கேன். நீங்க போயிட்டா யாருகிட்ட காட்டறது? அதான் அவசரமா வந்தேன்."

பையிலிருந்து முதலில் நான்கு ஆரஞ்சுப் பழங்கள் வெளியே வந்தன. அவற்றின் அடியிலிருந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய, உள்ளங்கை அகலத்தில் ஓர் உலோகத் துண்டு. அதைப் போர்வையின் மேல், சரியாக நெஞ்சு வலிக்கிற இடத்தில் வைத்தார்.

"எடுடா. கனக்குது."

"அலுமினியம் அத்தான். கனக்காது."

கட்டிலின் அந்தப்புறம் மனைவி ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் பத்தேகால் காட்டியது. டாக்டரம்மா சொன்ன மத்தியானத்துக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

எவ்வளவு நேரம்தான் ஒரு இன்ஸ்பெக்டர் நெஞ்சின் மேல் ஒரு வார்ப்பை வைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்பார்? கை தானாக வந்து எடுத்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கறுத்த இரும்பு வளையம். அதைச் சுற்றி வெள்ளை அலுமினியம். இரும்பின் வெளிப்புறம் முழுக்க, முட்செடித் தண்டு மாதிரி, குட்டிக் குட்டி முட்கள். ஒவ்வொரு முள்ளையும் அலுமினியம் சுற்றி வளைத்து இறுகியிருந்தது. கட்டைவிரல் நகத்தை இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மெல்ல இழுத்தார். இடைவெளி இருந்தால் நகம் மாட்டும். மறுபடி இழுத்தார். திருப்பிப் பிடித்து இழுத்தார்.

நகம் மாட்டவில்லை.

"ஸ்லீவை எத்தனை டிகிரிக்குச் சூடு பண்ணின?"

"இருநூறு."

"ஈரம்?"

"ஒரு பொட்டு கிடையாது. நாற்பதுக்கும் நானே துடைச்சேன்."

"அப்புறம் எதுக்குடா பாடிச்சு?"

"அது சுபாவம் அத்தான். இரும்பு எல்லாத்தையும் உள்ளயே விழுங்கும், அக்கா மாதிரி. அலுமினியம் வாயை விட்டுச் சொல்லிடும், என்னை மாதிரி. ஸ்லீவ் கெட்டியாத்தான் இருந்துச்சு."

மனைவி ஒரு சுளையைக் கணவனின் கையில் வைத்தாள். அவர் சுளையைக் கவனிக்கவில்லை. துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் ஏதோ மினுங்கியது. மணல் தூசிதான், அவருக்கு எப்போதும் மணல் தூசிதான். இதோ, பதினோரு வருஷத்து வைராக்கியம் பொலபொலவென்று உதிரப்போகிறது, அத்தான் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று மச்சான் தொண்டையைக் கனைத்துத் தயாரானார்.

"இது ஒண்ணு சரி" என்றார் சாக்பீஸ். "மீதி முப்பத்தொம்பது?"

"உருக்கிட்டாங்களே!"

"அப்ப நிரூபிக்க முடியாது." துண்டைப் பத்திரமாகத் தலையணைக்கு அடியில் வைத்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "அந்த டாக்டரம்மாவைக் கூப்பிடு. ஸ்லீவை ஈரம் இல்லாம துடைச்சு வைக்கச் சொல்லு" என்றார்.

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார். மச்சான் அட்டையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பிற்பகலில் வார்டுக்குத் திரும்பியவரின் அருகே மச்சான் வந்து குனிந்தார். விரல் முட்டியால் அவர் நெஞ்சில், பூவைத் தொடுகிற மாதிரி, ஒரு தட்டுத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"என்ன?" என்றார் சாக்பீஸ், உண்மையான கவலையோடு.

"பாடுது அத்தான்."

"போடா!" என்றார். சிரித்ததில் வயர் ஒன்று கழன்றுவிட, நர்ஸ் ஓடிவந்து மச்சானை வெளியே துரத்தினாள்.

நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். அழுத்தச் சோதனையில் பாஸ். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே சுவரில் படம். கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போய்ச் சட்டை முனையால் கண்ணாடியைத் தேய்த்தார். மெழுகு அசையவில்லை.

மனைவி படத்துக்குப் பின்னால் கைவிட்டு, நான்காக மடித்த ஒரு பழைய துணியை எடுத்தாள். அதற்குள் சின்னக் குப்பியில் மண்ணெண்ணெய். குப்பியின் மூடியில் தூசி இல்லை. பதினோரு வருஷமாக அது ஆவியாகிக் குறையக் குறைய நிரப்பப்பட்டு வந்திருக்கிறது. அவர் துணியை நனைத்துத் தேய்த்தார். சிவப்பு கரைந்து வழிந்தது. கண்ணாடி சுத்தமானது.

பெருக்கல் குறி மட்டும் போகவில்லை.

ஜன்னல் வெயிலில் படம் முழுவதும் பழுத்து மஞ்சளாகியிருந்தது. குறிக்கு அடியில் மறைந்திருந்த இடம் மட்டும் எடுத்த அன்றைய நிறத்தோடு, குறியின் வடிவத்திலேயே, பளிச்சென்று நின்றது. அந்தப் படத்தில் மங்காமல் மிஞ்சியது மச்சானின் சிரிப்பில் ஒரு கோடும், ஒரு கண்ணும்தான்.

சாக்பீஸ் துணியும் கையுமாக நின்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

"பதினோரு வருஷமா இந்தக் கண்ணாடியைத் துடைக்கவே இல்லையா நீ? என்னதான் பண்ணிட்டிருந்த இந்த வீட்டுல?"

அவள் குப்பியை மூடினாள். "ஞாயித்துக்கிழமை தம்பி சாப்பிட வரான்" என்றாள். "சனிக்கிழமையெல்லாம் என்ன பண்ணிட்டிருந்தேன்னு அவன்கிட்ட கேளுங்க."